மூட்டு வலிக்கு முள்சீத்தா இலைத் தண்ணீர் குடிக்கலாமா?

பினாங்கின் பாயான் லெப்பாசிலிருந்து ஒரு வாசகி: "அம்மாவுக்கு 64 வயது, முழங்கால் தேய்மானம். வாசலில் நிற்கும் டுரியான் பெலண்டா, அதாவது முள்சீத்தா மரத்தின் இலையைத் தினமும் அவித்துக் குடிக்கிறார். வீக்கத்தைக் குறைக்குமாம். கிளினிக்கில் கொடுத்த வலி மாத்திரையை நிறுத்திவிடலாமா?"

வீக்கத்தைக் குறைக்கும் என்பது முழுக்கக் கட்டுக்கதை இல்லை. இந்த இலைச் சாறு எலிகளின் பாத வீக்கத்தைக் குறைத்திருக்கிறது. முருங்கை, கொய்யா இலைகளில் உள்ள குவர்செட்டின் என்ற தாவரப் பொருளும் ஆய்வகத்தில் செல்களின் அழற்சியை அடக்குகிறது. ஆனால் நாம் குடிக்கும் குவர்செட்டினைக் குடலும் கல்லீரலும் உருமாற்றிவிடுகின்றன, அதன் அசல் வடிவில் ரத்தத்தில் சேர்வது கொஞ்சம்தான். கண்ணாடித் தட்டில் நடந்ததெல்லாம் அம்மாவின் முழங்காலில் நடக்கும் என்று நம்ப முடியாது.

முள்சீத்தாவில் எனக்கு வேறொரு பயமும் உண்டு. அதன் பழத்திலும் இலையிலும் அனோனாசின் என்ற பொருள் இருக்கிறது, அது செல்லுக்குள் சக்தி உற்பத்தியைத் தடுத்து நரம்புச் செல்களைக் கொல்வதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். கரீபியன் தீவான குவாடலூப்பில் இந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் அதிகம் எடுத்தவர்களிடம் வழக்கமில்லாத ஒருவகைப் பார்கின்சன் என்ற நரம்பு நோய் கூடுதலாக இருந்ததை 1999இல் ஓர் ஆய்வு காட்டியது. காரணம் இதுதான் என்று முடிவாக நிரூபிக்கப்படவில்லை, சரி, ஆனால் தினமும் குடிக்க நான் சொல்ல மாட்டேன். அம்மா சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுத்தால் கண்டிப்பாக வேண்டாம்.

முருங்கைக்கீரையை வழக்கம்போலச் சமைத்துச் சாப்பிடட்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர் என்றால் மட்டும், கீரையில் வைட்டமின் கே அதிகம் என்பதால், திடீரென்று அளவைக் கூட்டக் கூடாது. நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுங்கள், சூடே பாதி இதம் தரும்.

மாத்திரையை நிறுத்த நினைப்பதும் நியாயம்தான், சில வலி மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். டாக்டரிடம் பூசும் ஜெல்லும், தொடைத் தசைக்கான பயிற்சியும் கேளுங்கள்.

அப்புறம், பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்கும் மூலிகைப் பொடி. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டால் சந்தேகப்படுங்கள், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்த பொடிகள் நம் மலேசியாவில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. டப்பாவில் MAL என்று தொடங்கி T என்ற எழுத்தில் முடியும் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். ஏற்கெனவே வாரக்கணக்கில் அப்படி ஒன்றைச் சாப்பிட்டு வந்தால் சட்டென நிறுத்தாமல், டப்பாவோடு டாக்டரிடம் போங்கள்.