2,950 ரூபாய்க்கு அந்த கார்டு தகுமா?

கேள்வி: மும்பை செம்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர், நான், பள்ளியில் படிக்கும் இரு பிள்ளைகள். முதல் ஆண்டு இலவசம் என்று வங்கியில் கொடுத்த ரிவார்டு கிரெடிட் கார்டுக்கு அடுத்த மாதம் 2,500 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் வசூலிக்கப்படும் என்று குறுஞ்செய்தி வந்திருக்கிறது. 150 ரூபாய் செலவுக்கு 4 பாயின்ட் தருகிறார்கள். கட்டணத்தைக் கட்டினால் 2,500 போனஸ் பாயின்ட் உண்டு. ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் செலவு செய்தால் அடுத்த கட்டணம் தள்ளுபடி என்பதால், எல்லாவற்றையும் கார்டிலேயே வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். வைத்துக்கொள்ளலாமா, திருப்பிக் கொடுத்துவிடலாமா? மூன்று மாத ஸ்டேட்மென்டை இணைத்துள்ளேன்.
— செம்பூர் வாசகி

பதில்: ஸ்டேட்மென்டையும் கடிதத்தின் பின்பக்கம் நீங்கள் எழுதியிருந்த வீட்டுக் கணக்கையும் அனுப்பியது மிக நல்லது, சகோதரி. இந்தக் கேள்விக்கான விடை வங்கியின் விளம்பரத்தில் இல்லை; உங்கள் வீட்டுச் செலவில்தான் இருக்கிறது.

முதலில் கட்டணம். 2,500 ரூபாய்க்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 450 ரூபாய். ஆக உங்கள் கையிலிருந்து போவது 2,950 ரூபாய். அந்தத் தொகையை இந்த கார்டு திருப்பித் தருகிறதா என்பதைப் பார்ப்போம்.

வாடகை, வீட்டுக்காரரின் கணக்குக்கு நேராகப் போகிறது. மீன், காய்கறி, பூ எல்லாம் யு.பி.ஐ.யில் கொடுக்கிறீர்கள். மின்கட்டணம், கேஸ், செல்போன், ஸ்கூட்டர் பெட்ரோல் ஆகியவற்றை கார்டில் கட்டினாலும், உங்கள் கார்டின் விதிமுறைப்படி இவற்றுக்குப் பாயின்ட் கிடையாது. மாட்டுங்காவில் வாங்கும் மளிகை, ஆன்லைன் சாமான்கள், மருந்து, துணிமணி, எப்போதாவது ஹோட்டல் என்று பாயின்ட் விழும் செலவு மாதம் சுமார் 16,000 ரூபாய்தான். கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும் விமான டிக்கெட் 24,000 ரூபாயைச் சேர்த்தால் ஆண்டுக்கு 2,16,000 ரூபாய். இதற்கு 5,760 பாயின்ட் வரும். போனஸையும் கூட்டினால் 8,260.

ஆனால் பாயின்ட் என்பது பணமல்ல. அதைப் பணமாக்கும் இடத்தைப் பொறுத்தே அதற்கு மதிப்பு. நீங்கள் குறிப்பிட்டிருப்பதுபோல், பில்லில் கழித்துக்கொண்டால் ஒரு பாயின்டுக்கு 25 பைசா, வங்கியின் பயணத் தளத்தில் டிக்கெட் எடுத்தால் 50 பைசா. எனவே 8,260 பாயின்ட் 2,065 ரூபாயாகவும் இருக்கலாம், 4,130 ரூபாயாகவும் இருக்கலாம். பில்லில் கழித்தால் உங்களுக்கு 885 ரூபாய் நஷ்டம். டிக்கெட்டுக்குப் பயன்படுத்தினால் 1,180 ரூபாய் லாபம். அந்தத் தளத்தில் டிக்கெட் விலை வெளியில் இருப்பதைவிடக் கூடுதலாக இருந்தால் அந்த லாபமும் கரைந்துவிடும். ஒரே நாளில், ஒரே விமானத்துக்கு இரண்டு இடத்திலும் விலையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இன்னொரு சிறு கசிவையும் ஸ்டேட்மென்டில் கண்டேன். மருந்துக்கடையில் 290 ரூபாய்க்குத் தேய்த்திருக்கிறீர்கள். அதற்கு 4 பாயின்ட்தான் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு பில்லிலும் முழு 150 ரூபாய்களுக்கு மட்டுமே கணக்கு. மீதி 140 ரூபாய் வெறுமனே போகிறது. சிறு பில்கள் அதிகமுள்ள வீட்டில், நான் மேலே போட்ட 5,760 என்ற கணக்கே சற்றுத் தாராளமானது.

1,180 ரூபாய் மிஞ்சுகிறதே, வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். பெரும்பாலோர் கணக்கைத் தவறவிடுவது இங்கேதான். இந்த கார்டை எதுவுமே இல்லாத நிலையோடு ஒப்பிடக் கூடாது. கட்டணமே இல்லாத ஒரு கார்டோடு ஒப்பிட வேண்டும். ஆண்டுக் கட்டணமின்றி 1 சதவீதம் கேஷ்பேக் தரும் கார்டு கிடைத்தால், இதே 2,16,000 ரூபாய்க்கு 2,160 ரூபாய் எந்தச் சிக்கலும் இல்லாமல் கையில் நிற்கும். கட்டண கார்டின் மிக நல்ல கணக்கைவிட இது 980 ரூபாய் அதிகம்.

இப்போது உங்கள் கணவரின் யோசனை. 3 லட்சத்தைத் தொட உங்களுக்கு 84,000 ரூபாய் குறைகிறது. 2,950 ரூபாய் தள்ளுபடிக்காகத் தேவையில்லாத ஒரு பொருளை வாங்கினாலும் அது நஷ்டமே என்பதை அவரும் ஒப்புக்கொள்வார். எப்படியும் கட்டவேண்டிய பள்ளிக் கட்டணத்தை கார்டுக்கு மாற்றுவது மட்டும் யோசிக்கத் தக்கது. அந்தக் கட்டணம் 3 லட்சக் கணக்கில் சேருமா என்பதை வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சேரும், ஆனால் அதற்குப் பாயின்ட் விழாது என்றே வைத்துக்கொள்வோம். பள்ளியின் தளத்தில் கார்டுக்கு 1 சதவீதக் கூடுதல் கட்டணமும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். 84,000 ரூபாய்க்கு அது 991 ரூபாய். தள்ளுபடி அடுத்த ஆண்டுக்குத்தான் கிடைக்கும்; கட்டணம் கட்டாத ஆண்டில் போனஸ் பாயின்டும் இருக்காது. அப்போது 5,760 பாயின்டின் 2,880 ரூபாயில் 991 போனால் மிச்சம் 1,889. இலவச கார்டின் 2,160 ரூபாயை இதுவும் எட்டவில்லை.

விமான நிலைய லவுஞ்சை (சாப்பாட்டு வசதியுள்ள ஓய்வறையை)ப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அங்கே அனுமதி, கார்டு வைத்திருப்பவருக்கு மட்டும். முந்தைய காலாண்டில் குறிப்பிட்ட தொகை செலவு செய்திருக்கவும் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, வீட்டிலிருந்து இட்லி மிளகாய்ப்பொடி கட்டிக்கொண்டு நால்வராகப் பயணம் செய்யும் குடும்பத்துக்கு இதன் மதிப்பைப் பூஜ்யமாகவே வைக்கிறேன்.

நான் மிகவும் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. உங்கள் மூன்று ஸ்டேட்மென்டுகளில் ஒன்றில் வட்டி என்று ஒரு வரி இருக்கிறது. என் உறவினர் ஒருவர் ‘மினிமம் டியூ’ (அந்த மாதம் கட்டியாக வேண்டிய குறைந்தபட்சத் தொகை) என்று போட்டிருந்ததையே பில் தொகை என்று நம்பி, அதை மட்டும் தவறாமல் கட்டிவந்தார். ஒரு வேளை உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கும். மாதம் 3.5 சதவீத வட்டியில் 40,000 ரூபாய் ஒரு மாதம் நின்றால் 1,400 ரூபாய் வட்டி, அதற்கு 252 ரூபாய் ஜி.எஸ்.டி. பில்லில் கழித்தால் ஓராண்டுப் பாயின்டுகளுக்கு வரும் 1,440 ரூபாய் இதற்கே போதாது. அதோடு நிற்பதில்லை: பாக்கி இருக்கும்வரை வட்டியில்லாக் காலம் ரத்தாகி, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆகவே எந்த கார்டை வைத்துக்கொண்டாலும், முழு பில் தொகையும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி இந்த வாரமே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

என் முடிவு: கட்டணம் விழுவதற்கு முன் வங்கியை அழைத்து, அதைத் தள்ளுபடி செய்யவோ, இதே கணக்கைக் கட்டணமில்லாத கார்டாக மாற்றவோ கேளுங்கள். இரண்டுக்கும் மறுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கார்டை ரத்து செய்யச் சொன்னால் வங்கி இழுத்தடிக்கிறது. ரத்து செய்தால் கிரெடிட் ஸ்கோர் குறையும் என்றும் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
— டோம்பிவ்லி வாசகர்

பதில்: பாக்கி எதுவும் இல்லாத நிலையில் நீங்கள் கேட்டால், 7 வேலை நாட்களுக்குள் கார்டை முடித்துத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதி. தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தரவேண்டும். எனவே தொலைபேசியோடு விடாமல் மின்னஞ்சலிலும் கோரிக்கையை அனுப்பி, தேதியைக் குறித்துவையுங்கள். அதற்கு முன் பாயின்டுகளைப் பயன்படுத்திவிடுங்கள்; இன்ஷூரன்ஸ் பிரீமியம் போன்றவை அந்த கார்டில் தானாகக் கழியுமானால் வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள். ஸ்கோர், அதாவது கடனைக் கையாளும் பழக்கத்துக்கான மதிப்பெண், சிறிது குறையலாம் என்பது உண்மை. உங்கள் மொத்தக் கடன் வரம்பு சுருங்குவதே முக்கியக் காரணம். அடுத்த சில மாதங்களில் வீட்டுக்கடன் கேட்கப்போகிறீர்கள் என்றால், அது கிடைக்கும்வரை பொறுத்திருங்கள். இல்லையென்றால் அந்தப் பயத்துக்காக ஆண்டுதோறும் கட்டணம் கட்டுவதில் பொருளில்லை.

கேள்வி: அலுவலக வேலையாக மாதம் இரண்டு முறையாவது விமானத்தில் போகிறேன். ஆண்டுக்கு 7 லட்சம் ரூபாய் டிக்கெட், ஹோட்டல் செலவை என் கார்டில் செய்து, நிறுவனத்திடம் திரும்பப் பெறுகிறேன். 5,000 ரூபாய்க் கட்டணமுள்ள கார்டு வாங்கலாமா? பயணச் செலவுக்கு 2 சதவீத மதிப்பு தருகிறார்கள்.
— முலுண்ட் வாசகர்

பதில்: உங்களுக்குத் தகும். 14,000 ரூபாய் மதிப்பில் ஜி.எஸ்.டி. சேர்த்த கட்டணம் 5,900 போனால் 8,100 ரூபாய். 1 சதவீத இலவச கார்டு 7,000 ரூபாய் தந்திருக்கும். 1,100 ரூபாய் வித்தியாசத்தோடு, அதிகாலை விமானங்களுக்குப் போகும் உங்களுக்கு லவுஞ்ச் சாப்பாடும் உண்மையிலேயே பயன்படும். நிறுவனத்தின் பணம் வருவதற்குள் கார்டின் கெடு வந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளவேண்டும். பில்லிங் சுழற்சியை (மாதந்தோறும் பில் போடும் தேதியை) ஒருமுறையாவது மாற்றிக்கொள்ளும் வாய்ப்பை வங்கி தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதி சொல்கிறது. அலுவலகம் 10ஆம் தேதி பணம் போடுமானால், கெடு 15ஆம் தேதிக்குப் பிறகு விழும்படி கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.