மூன்றாம் தரமும் எழுத வேண்டுமா?

கேள்வி:

அன்புள்ள ரீச்சர், எனக்கு 21 வயது. உயர்தரம் உயிரியல் பிரிவில் இரண்டு தடவை தோற்றிவிட்டேன். முதல் தடவை உயிரியலில் பி, இரசாயனவியலில் எஸ், பௌதிகவியலில் எஸ். இரண்டாம் தடவை உயிரியலில் ஏ, இரசாயனவியலில் பி, பௌதிகவியலில் மறுபடியும் எஸ். மருத்துவ பீடத்துக்குப் புள்ளி காணாது. திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவத்துக்குத் தெரிவாகியிருக்கிறேன். பதிவு செய்ய இன்னும் 17 நாள் இருக்கிறது. மூன்றாம் தடவை எழுதுவதென்றால் ஏழு மாதம் இருக்கிறது. ஒன்றரை வருடம் யாழ்ப்பாணத்தில் தங்கி ரியூசன் எடுத்தேன். அதற்காக அப்பா படகின் இயந்திரத்தை விற்றார். இப்போது இன்னொருவரின் படகில் கூலிக்குப் போகிறார். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு விடுவதா?" என்கிறார் அம்மா. அப்பா ஒன்றும் சொல்வதில்லை. இப்போது விட்டால் நான் தோற்றவள் ஆகிவிடுவேனா?

– பெயர் வேண்டாம், சாம்பல்தீவு

பதில்:

மகள், நீங்கள் எழுதியது நான்கு பக்கம். இங்கே இடத்துக்காகச் சுருக்கியிருக்கிறேன். நான் முழுவதையும் மூன்று தடவை வாசித்தேன். நடுப்பக்கத்தை இன்னும் ஒரு தடவை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தக் கடைசி வரி. பரீட்சைக்குத் தோற்றுவதும் தோற்றுப்போவதும் நம் மொழியில் காதுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கின்றன. நீங்கள் செய்தது முதலாவது. எஸ் என்ற சாதாரண சித்தியிலிருந்து பிக்கு ஒரு பாடத்தையும், பியிலிருந்து ஏக்கு இன்னொரு பாடத்தையும் ஏற்றிக் காட்டிய பிள்ளை, தான் தோற்றவளா என்று என்னிடம் கேட்கிறது. இல்லை. இந்தக் கேள்வியை இங்கேயே இறக்கி வைத்துவிடுவோம். அது தோளில் கிடக்கும்வரை மற்ற எந்தக் கேள்வியையும் நேராகப் பார்க்க முடியாது.

ஒளிக்காமல் என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். இப்போது நீங்கள் நினைத்திருக்கும் விதத்தில் மூன்றாம் தரம் எழுத வேண்டாம். "இப்போது நினைத்திருக்கும் விதத்தில்" என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எழுதுவதற்கு நியாயமான ஒரு வழியும் இருக்கிறது.

"அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்று மாமா சொன்னாராம். நல்ல சொல்தான், நானும் வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் அடிக்கிற நேரத்தில் அம்மி நகர்ந்திருக்கிறதா என்று நாம் குனிந்து பார்ப்பதில்லை. நீங்கள் பாருங்கள். உயிரியல் நகர்ந்திருக்கிறது. இரசாயனவியல் நன்றாகவே நகர்ந்திருக்கிறது. பௌதிகவியல், ஒன்றரை வருட யாழ்ப்பாண வாசத்துக்குப் பிறகும், வைத்த இடத்திலேயே இருக்கிறது. ஆகவே உங்கள் கேள்வி "மருத்துவம் வேண்டுமா, விடுவதா" என்பதல்ல. ஏழு மாதத்தில் பௌதிகவியல் நகருமா? அவ்வளவுதான்.

ஏன் பௌதிகவியலில் இவ்வளவு நிற்கிறேன் என்றால், இசட் புள்ளி வேலை செய்யும் விதம் அப்படி. 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு இதுதான் அளவுகோல். ஒவ்வொரு பாடத்திலும் உங்கள் புள்ளி அந்த வருடம் எழுதியவர்களின் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று கணித்து, மூன்று பாடங்களுக்கும் சேர்த்துச் சராசரி எடுக்கிறார்கள். மூன்றுக்கும் ஒரே எடை. ஏ எடுத்த உயிரியலை இன்னும் தேய்த்து மினுக்குவதால் கிடைக்கப்போவது கொஞ்சம். உங்கள் நேர அட்டவணையையும் அனுப்பியிருந்தீர்கள். அதில் உயிரியலுக்கு வாரத்துக்கு 18 மணித்தியாலம், பௌதிகவியலுக்கு 9. பிடித்த பாடத்தில் போய் ஒதுங்கிக்கொள்வது எல்லோரும் செய்வது. ஆனால் அந்த அட்டவணை இரண்டாம் தரத்தின் அட்டவணையேதான், மகள். காலை நான்கு மணிக்கு எழும்பினேன், இனி மூன்று மணிக்கு எழும்புவேன் என்கிறீர்கள். அதை ஒரு திட்டம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

"திருகோணமலைக்கு வெட்டுப்புள்ளி குறைவு, இன்னும் கொஞ்சம் எத்தனித்தால் போதும்" என்று அயலில் சொல்கிறார்களாம். வெட்டுப்புள்ளி என்பது அனுமதி கிடைக்கத் தேவையான மிகக் குறைந்த இசட் புள்ளி. அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதத்துக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. எங்கள் மாவட்டம் அந்தப் பதினாறில் ஒன்று. இது பெரிய உதவிதான். ஆனால் அந்த இடங்களுக்காக உங்களோடு நிற்பவர்களும் நிலாவெளி, மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பிள்ளைகள்தான். அவர்களுக்கும் அதே சலுகை. "இன்னும் கொஞ்சம்" எவ்வளவு என்று அயலவருக்குத் தெரியாது. அது உங்கள் பெறுபேற்றுத் தாளில் இருக்கிறது. மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியைப் பக்கத்தில் எழுதிக் கழித்துப் பாருங்கள்.

பிறகு ஒரு சோதனை. நீங்கள் முன்பு செய்யாத மூன்று பௌதிகவியல் வினாத்தாள்களை எடுங்கள். முதற் பகுதி 50 பல்தேர்வு வினா, 2 மணித்தியாலம். ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. மணிக்கூட்டை முன்னால் வைத்துச் செய்யுங்கள். அமைப்புக் கட்டுரையையும் விட வேண்டாம். இதுவரை உங்களுக்குப் படிப்பிக்காத ஓர் ஆசிரியரிடம் திருத்தக் கொடுங்கள். புள்ளி எத்தனை என்று முதலில் கேட்க வேண்டாம். பிழைகளை இரண்டாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள், நேரம் காணாமல் விட்டவை எவை, விளங்காமல் விட்டவை எவை என்று. நேரம்தான் பிரச்சினை என்றால் ஏழு மாதம் தாராளம். ஒன்றிரண்டு அலகுகளில் மட்டும் விளங்கவில்லை என்றால், அந்த அலகுகளை அடியிலிருந்து படிப்பிக்க ஒருவர் கிடைக்கும் பட்சத்தில், அதுவும் முடியும். இயக்கவியலில் தொடங்கி மின்னியல்வரை பரவலாக விளங்காமை என்றால், இரண்டு தடவை வராதது ஏழு மாதத்தில் வரும் என்று உங்களை நம்பவைக்க எனக்கு மனம் வரவில்லை. இந்தச் சோதனைக்குப் பத்து நாள் போதும். உங்களிடம் பதினேழு இருக்கிறது.

இனி அம்மா சொன்னது. "இவ்வளவு தூரம் வந்துவிட்டு." இந்த மூன்று சொல்லுக்கு நம் வீடுகளில் இருக்கும் பலம் எனக்குத் தெரியும். கொடுத்த காசு நம் முடிவை எப்படி இழுக்கிறது என்று ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1985 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக அரங்கின் பருவகால டிக்கெட்டைச் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடியிலும் விற்றார்கள். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் போலத்தான் தீர்மானித்தார்கள். முழு விலை கொடுத்தவர்களே பருவத்தின் முதற்பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான். கொடுத்த காசுதான் அவர்களைக் கூட்டிவந்தது.

அப்பாவின் இயந்திரம் போய்விட்டது. நீங்கள் மூன்றாம் தரம் எழுதினாலும் போனதுதான், எழுதாவிட்டாலும் போனதுதான். இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது, ஏனென்றால் ஒரு கடற்றொழிலாளிக்கு இயந்திரத்தை விற்பது என்ன என்று இந்தக் கரையில் பிறந்த எனக்குத் தெரியும். அந்தக் கடனை நீங்கள் மறக்க வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அதைத் திருப்பிக் கொடுக்கும் வழி மருத்துவ பீடம் ஒன்றுதான் என்று அப்பா சொன்னாரா? கடிதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் இருக்கிறது. அந்த மௌனத்துக்கு நீங்களே ஒரு பொருள் வைத்துக்கொண்டு, அதற்குப் பயப்படுகிறீர்கள்.

அவரிடம் போய் உட்காருங்கள். பரீட்சைக் கதையோடு தொடங்க வேண்டாம். கடலில் எந்த இடத்தில் திரும்புவது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள் அப்பா என்று கேளுங்கள். வலையில் ஒன்றும் படாத நாளிலும் மண்ணெண்ணெய் கரைக்கு வரக் காணும் என்கிற அளவில் திரும்பிவிடுகிற மனிதர்கள் இவர்கள். அந்த அளவைக் கடலில் வைத்து யோசிப்பதில்லை, புறப்படும்போதே கணக்கு இருக்கும். இன்னும் கொஞ்சத் தூரத்தில் மீன் இருக்கும் என்ற ஆசை நடுக்கடலில்தான் வரும், அதனால்தான் கணக்கைக் கரையிலேயே முடித்துவிடுகிறார்கள். வாடைக்காற்றில் வள்ளத்தைக் கரையேற்றி வைக்கிறவரைச் சாம்பல்தீவில் யாராவது கோழை என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எழுதுவது என்று முடிவெடுத்தால் நீங்களும் இந்தக் கணக்கை இப்போதே எழுதி வையுங்கள்: எந்த மாதத்தில் எந்தப் புள்ளி வராவிட்டால் என்ன செய்வேன் என்று. பல்கலைக்கழக அனுமதிக்கு முதல் மூன்று தடவைகளின் பெறுபேறுதான் செல்லும் என்பதால் கடைசி எல்லையை அரசாங்கமே போட்டிருக்கிறது. அதற்கு முன்னே உங்களுடைய சொந்த எல்லை ஒன்று வேண்டும்.

விடுவதைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். முப்பது வயதில் நான் பள்ளிக்கூட வேலைக்குப் பிறகு இரவில் இருந்து ஒரு சிறுவர் சஞ்சிகை நடத்தினேன். ஆறு வருடம். நான்காம் வருடமே அது நிற்காது என்று தெரிந்துவிட்டது. விற்காத பிரதிகள் அறையில் கூரைவரை அடுக்கியிருந்தன. அந்த அடுக்கைப் பார்த்து வெட்கப்பட்டே இன்னும் இரண்டு வருடம் இழுத்தேன், தங்கச்சியின் காசையும் போட்டு. கடைசியில் விட்டபோது எல்லோரும் நிம்மதி வரும் என்றார்கள். வரவில்லை. ஆறு மாதம் மாலையில் என்ன செய்வதென்று தெரியாமல் டச்சுக்குடாக் கடற்கரையில் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். ஒரு நாள் அயல்வீட்டுப் பிள்ளை ஒன்றுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லிக்கொடுக்கப்போய், அது எட்டுப் பிள்ளைகளாகி, அதன்பிறகுதான் மூச்சு வந்தது. சஞ்சிகையில் நான் எதை விரும்பினேனோ அது அந்தத் திண்ணையில் இருந்தது.

கார்ஸ்டன் ரோஷ் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதைத்தான் பல வருடம் ஆராய்ந்தார்கள் என்று பின்னாளில் வாசித்தேன். எட்டாத இலக்கை விடுவது ஒரு திறன், புதிய இலக்கொன்றில் மனதை ஈடுபடுத்துவது இன்னொரு திறன் என்கிறார்கள். 2007 இல் அவரும் கிரெகரி மில்லரும் வெளியிட்ட ஆய்வு, பதின்வயதுப் பெண்பிள்ளைகள் 90 பேரை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தது. எட்டாத இலக்கை விட முடியாமல் தவித்தவர்களின் இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஒரு புரதம் அந்த வருடத்தில் கூடிக்கொண்டு போனது. விடாப்பிடி உடம்பிலும் கணக்கு எழுதுகிறது. நித்திரை வருவதில்லை, சாப்பாடு இறங்குவதில்லை என்று நீங்கள் எழுதிய இடத்தில் எனக்கு இது நினைவுக்கு வந்தது.

இப்போது அந்த நடுப்பக்கம். உங்கள் கடிதத்தில் வெட்டுப்புள்ளி, அப்பா, ஊர், மாமா எல்லாம் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரே ஓர் இடத்தில்தான் நோயாளி வருகிறார். அம்மம்மா ஆஸ்பத்திரியில் இருந்த பதினொரு நாள். பக்கத்துக் கட்டிலில் எழுத வாசிக்கத் தெரியாத மூதூர்த் தாய்க்கு, எந்தக் குளிசையை எப்போது போடுவது என்று மருந்து உறைகளில் சூரியனும் நிலவும் கீறிக் கொடுத்தீர்கள். அரைப்பக்கம் எழுதியிருக்கிறீர்கள், ஓர் இடத்திலும் வெட்டித் திருத்தவில்லை. மற்றப் பக்கங்கள் முழுக்க வெட்டும் கிறுக்கலும். நீங்கள் வேண்டுவது அந்தக் கட்டிலடியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்குப் போகும் பாதை மருத்துவ பீடமாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். தாதியியலுக்கும் இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்பு இருக்கிறது. அதை ஒரு வார்த்தையும் சொல்லாமல் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

சித்த மருத்துவத்தை "கிடைத்தது அதுதான்" என்று எழுதியது எனக்கு வருத்தம். கோபமும்கூட. ஐந்து வருடப் படிப்பும் ஒரு வருட உள்ளகப் பயிற்சியும் கொண்ட பட்டம் அது. நம் மொழியில் எழுதிவைத்த மருத்துவம். ஆறுதல் பரிசாக நினைத்துக்கொண்டு அங்கே போவதானால் போகவே வேண்டாம். உங்களுக்கும் நல்லதல்ல, நாளை உங்களிடம் வருகிற நோயாளிக்கும் நல்லதல்ல. ஆனால் அதை வேண்டாம் என்று சொல்வதற்கு முன் ஒரு தடவையாவது பார்த்திருக்க வேண்டாமா? வளாகம் கோணேசபுரியில், உங்கள் வீட்டிலிருந்து நிலாவெளி பஸ்ஸில் ஏறினால் சில நிமிடம். நான்கு வருடம் அதன் வழியால் போய்வந்திருக்கிறீர்கள், உள்ளே போனதில்லை.

பதிவு செய்தபின் மறுபடி விண்ணப்பிக்க முடியுமா என்பதை ஊர்ப்பேச்சை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் இந்த விதி அச்சில் இருக்கும். உங்களிடம் இருக்கும் பிரதியில் அந்தப் பக்கத்தை அப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

இன்று பின்னேரம் ஒரு வினாத்தாள். நாளைக் காலையில் கோணேசபுரிக்குப் போங்கள். மூன்றாம் வருடத்திலோ நான்காம் வருடத்திலோ படிக்கிற இரண்டு பிள்ளைகளைப் பிடித்து, வந்தபோது என்ன நினைத்தீர்கள், இப்போது என்ன நினைக்கிறீர்கள் என்று கேளுங்கள். முடிந்தால் இன்னொரு நாள் கப்பல்துறை ஆயுர்வேத வைத்தியசாலையில் வெளிநோயாளர் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு காலைநேரம் இருந்து பாருங்கள், அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் கையில் இருக்கும் மருந்து உறைகளையும். பதினாறாம் நாளுக்கு முன் எனக்கு எழுதுங்கள். பௌதிகவியல் விடைத்தாள்களையும் கூட வைத்து அனுப்புங்கள், திருத்தத் தெரிந்த ஒருவர் என் வீட்டில் இருக்கிறார்.