நிர்வாகத்தில் எம்.ஜி.ஆர். பூஜ்யமா?

கேள்வி: ‘நிர்வாகம் என்றால் கலைஞர்தான். எம்.ஜி.ஆர். வள்ளல், அவ்வளவே, நிர்வாகத்தில் அவர் பூஜ்யம்’ என்று என் நண்பர் அடித்துப் பேசுகிறார். நான் எம்.ஜி.ஆர். அபிமானி. ஆனாலும் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: திண்டுக்கல்காரருக்கே பதில் தெரியவில்லையா? எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கிய ஏழே மாதத்தில், 1973 மே இடைத்தேர்தலில், அவருடைய வேட்பாளர் மாயத்தேவரை ஜெயிக்கவைத்து ஆளும் தி.மு.க.வை மூன்றாம் இடத்துக்குத் தள்ளியது உங்கள் தொகுதி அல்லவா?

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை. 1969-ல் முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தபோது கருணாநிதிக்கு வயது 44. 1957-ல் குளித்தலையில் ஜெயித்ததிலிருந்து சட்டமன்றம் அவருக்குப் பழகிய இடம். அண்ணா அமைச்சரவையில் பொதுப்பணித் துறையும் பார்த்தவர். நின்ற சட்டமன்றத் தேர்தல் எதிலும் அவர் தோற்றதில்லை. எம்.ஜி.ஆரோ ஒருநாள்கூட அமைச்சராக இருக்காமல், 60 வயதில், 1977-ல் நேரே முதல்வரானவர். கோப்பைப் படிப்பதில் யார் கெட்டிக்காரர் என்று கேட்டால் நானும் கருணாநிதி பக்கம்தான் கை காட்டுவேன்.

ஆனால் கோப்பு படிப்பது மட்டுமா நிர்வாகம்? நான் வேறொரு கேள்வி கேட்பேன்: ஒருவர் போட்ட உத்தரவை, அவரை ஜென்ம விரோதியாகக் கருதிய அடுத்தவர் வந்து ரத்து செய்ய முடிந்ததா?

கர்ணம் (ஊர்க் கணக்கர்), மணியக்காரர் (ஊர் நிர்வாகி) பதவிகளை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டம் என்ன சொன்னாலும், நடைமுறையில் அப்பனுக்குப் பின் மகன் என்று ஒரே குடும்பத்தில் சுற்றிவந்த அதிகாரம் அது. ஊர்க் கணக்கு கர்ணம் வீட்டுப் பெட்டியில் இருக்கும். ஓர் ஏக்கர் வைத்திருந்த விதவைக்கு அடங்கல் (நிலத்தின் சாகுபடிப் பதிவேடு) நகல் வேண்டுமென்றால் அவர் வீட்டு வாசலில் நிற்கவேண்டும். ஐயா சாப்பிட்டுக்கொண்டிருந்தால் காத்திருக்கவேண்டும். தூங்கிவிட்டால் நாளை வரவேண்டும். அவள் சேரிக்காரியாக இருந்தால் திண்ணைக்குக் கீழேயே நிறுத்திவிடுவார்கள். 1980 நவம்பரில் ஓர் அவசரச் சட்டம் போட்டு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அந்தப் பதவிகளை ஒரே வீச்சில் ஒழித்தார் எம்.ஜி.ஆர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1982-ல் அரசு ஜெயித்தது. கிராம நிர்வாக அலுவலர் பதவி அப்படி வந்ததுதான். 1989-ல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. பழைய முறையைத் திரும்பக் கொண்டுவரவில்லை. ‘பூஜ்யம்’ செய்த வேலை இது.

சத்துணவும் அப்படியே. பள்ளியில் மதிய உணவைக் காமராஜர் தொடங்கிவைத்தார் என்பது தெரிந்ததே. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதை இரண்டு வயதுப் பிள்ளை வரை நீட்டி, ஊருக்கு ஊர் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பெண்களை நியமித்து, ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குத் தினமும் சோறு போடும் எந்திரமாக மாற்றினார். நிதித் துறை முகம் சுளித்தது. எதிர்க்கட்சி கேலி செய்தது. கேலி செய்த கட்சியே 1989-ல் தட்டில் முட்டை வைத்தது, 2010-ல் அதை வாரத்துக்கு ஐந்தாக்கியது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கருணாநிதியின் பெருந்தன்மைக் கணக்கில்தான் எழுதுகிறேன்.

எம்.ஜி.ஆர். சறுக்கிய இடம் இட ஒதுக்கீடு. ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் பிற்படுத்தப்பட்டோர் சலுகை கிடையாது என்று 1979-ல் உத்தரவு போட்டார். 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தது இரண்டே இடம். உடனே உத்தரவை வாபஸ் வாங்கியதோடு நிற்காமல் 31 சதவீதத்தை 50 ஆக்கினார். கொள்கையா, பயமா? பயம்தான் என்பேன், பலன் என்னவோ மக்களுக்கு. கருணாநிதி 1971-லேயே 25-ஐ 31 ஆக்கியவர். அந்த 50-ஐ மறுபடி பிரித்து மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 என்று 1989-ல் ஒதுக்கியதும் அவரே. இந்த விஷயத்தில் அவருக்குத் தேர்தல் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

எம்.ஜி.ஆரால் நெருங்கவே முடியாத ஒன்றும் கருணாநிதியிடம் உண்டு. பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று 1989-ல் அவர் கொண்டுவந்த திருத்தம். மத்திய அரசு நாடு முழுமைக்கும் அதைச் செய்ய 2005 ஆயிற்று. சட்டம் எழுதத் தெரிந்த மூளை வேலை அது.

பத்திரிகைக்காரன் என்ற முறையில் எனக்கு ஒரு தனிக் கணக்கும் இருக்கிறது. 1987-ல் ஓர் அட்டைப்பட நகைச்சுவைத் துணுக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனை சிறைக்கு அனுப்பியது எம்.ஜி.ஆர். காலத்துச் சட்டமன்றம். எத்தனை சத்துணவு போட்டாலும் அந்தக் கணக்கு நேராகாது.

ஆக, உங்கள் நண்பரிடம் இப்படிச் சொல்லுங்கள்: கருணாநிதி தேர்ந்த நிர்வாகி, சரி. ஆனால் கிராமத்து அதிகாரத்தின் முதுகெலும்பை உடைத்தது மற்றவர். அடுத்து நண்பர் மதுவிலக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள். 1971-ல் கடையைத் திறந்து 1974-ல் மூடியவர் ஒருவர். கண்டிப்பாக மூடிவைத்திருந்து 1981-ல் திறந்து, 1983-ல் டாஸ்மாக்கையும் தொடங்கிவைத்தவர் இன்னொருவர். அந்த வாதத்தில் உங்களுக்கும் ஜெயம் கிடையாது, அவருக்கும் கிடையாது.