கனடாவில் முகமூடி போட்டுக் குற்றம் செய்தால் ஏன் தனித் தண்டனை?

கடுமையான குற்றம் செய்யும் நோக்கத்தோடு முகமூடி போட்டாலோ, முகத்தில் சாயம் பூசினாலோ, கனடாவில் அதுவே தனிக் குற்றம். 10 ஆண்டு வரை சிறை. 2013-இல் கலவரத்துக்கும் இதைக் கொண்டுவந்தார்கள். கலவரத்தில் கலந்துகொண்டால் அதிகபட்சம் 2 ஆண்டு, முகத்தை மறைத்திருந்தால் 10.

காரணம், சாட்சியால் ஆளை அடையாளம் காட்ட முடியாது. எதிரே நிற்பவருக்குப் பயமும் இரட்டிப்பாகும். நம்பர் பிளேட்டில் சேற்றை அப்பிக்கொண்டு வந்து, இடித்துவிட்டு ஓடும் வண்டி மாதிரி. இடித்தது ஒரு தப்பு, சேற்றை அப்பியது இன்னொன்று. என்னைக் கேட்டால், இரண்டாவதுதான் யோசித்துச் செய்த தப்பு.

அப்புறம், முகத்தை மூடினாலே குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, பனிக்காற்றில் கண் மட்டும் தெரிய மஃப்ளர் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பவரை இந்தச் சட்டம் தொடாது.