ஆடும் டோர் பேட்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் கதவின் உள்பக்கத்தை மூடும் பலகையான டோர் பேட் கழன்று ஆடுவது பற்றி நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிப் பதில் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேட் தானாகக் கழலாது. உள்ளே இறங்கும் தண்ணீர், கைப்பிடியில் விழும் இழுவை, பேட்டைக் கதவில் பிடித்து நிறுத்தும் கிளிப் அளவு பொருந்தாதது, காய்ந்துபோன பசை, இவற்றில் ஏதோ ஒன்றுதான் கழற்றியிருக்கும். எது என்று பார்க்காமல் கையால் தட்டி உள்ளே தள்ளினால் சில நாளில் திரும்ப வெளியே வந்து நிற்கும்.

கேள்வி: அண்ணா, என்னிடம் இருப்பது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. ஒரு பக்கக் கதவில் பேட்டின் கீழ் ஓரம் அலையலையாக வளைந்து கதவுத் தகட்டை விட்டு விலகி நிற்கிறது. எல்லாக் கிளிப்பும் புதிதாகப் போட்டேன். ஒரு மழை பெய்ததும் மறுபடி கழன்றுவிட்டது.

பதில்: தம்பி, பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது, மழை பெய்ததும் என்று எழுதியிருக்கிறீர்களே. 1989 முதல் 1997 வரை வந்த அந்தக் காரின் பேட் அழுத்திச் செய்த மரநார் பலகை. அதன்மேல் ரெக்ஸின் போர்த்தியிருக்கும். பலகை ஈரம் குடித்தால் ஊதும், வளையும். வளைந்த பலகையை எந்தக் கிளிப்பும் பிடித்து நிறுத்தாது.

தண்ணீர் எப்படி வருகிறது என்று புரிந்துகொண்டால் வேலை பாதி முடிந்த மாதிரி. கண்ணாடிக்கு வெளியே இருக்கும் ரப்பர் பீடிங் மழைத் தண்ணீர் முழுவதையும் தடுப்பதில்லை. கொஞ்சம் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். கதவையே அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள்: தண்ணீர் உள்ளே இறங்கி, அடியில் இருக்கும் ஓட்டைகள் வழியாக வெளியே போய்விட வேண்டும். தகட்டுக்கும் பேட்டுக்கும் நடுவே ஒரு பாலிதீன் ஷீட் ஒட்டியிருக்கும். தெறிக்கும் தண்ணீர் பலகையில் படாமல் காப்பது அதுதான். ஸ்பீக்கர் மாற்றவோ கண்ணாடி மெக்கானிசத்தைச் சரிபார்க்கவோ யாராவது கதவைத் திறந்திருந்தால், அந்த ஷீட்டைக் கிழித்துவிட்டு அப்படியே மூடியிருப்பார்கள். இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படுகிறது. ஒரு துண்டு பாலிதீன் போட்டிருந்தால் பிழைத்திருக்கும் பலகை அது.

பேட்டைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். கீழ்ப்பகுதியில் தண்ணீர்க் கறை இருக்கும். முதலில் கதவடி ஓட்டைகளை மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் குத்தி, சேர்ந்திருக்கும் மண்ணை எடுங்கள். பிறகு கெட்டியான பாலிதீன் ஷீட்டைப் பழைய ஷீட்டின் வடிவத்தில் வெட்டி, சுற்றிலும் பியூட்டைல் டேப் (இருபுறமும் ஒட்டும் ரப்பர் போன்ற நாடா) போட்டு ஒட்டுங்கள். பலர் தவறவிடுவது கீழ் ஓரத்தை. அதைத் தகட்டின் மேலேயே ஒட்டிவிட்டால், ஷீட்டில் வழியும் தண்ணீர் நேராகப் பலகையின் காலில் போய் நிற்கும். கீழ் ஓரம் கதவின் திறப்புக்குள் மடிந்து போக வேண்டும். அப்போதுதான் தண்ணீர் கதவுக்குள்ளேயே சொட்டும்.

வளைந்த பலகையை நிமிர்த்த, பின்பக்கத்தை ஈரத்துணியால் லேசாக நனைத்து, சமதளத்தில் வைத்து, மேலே பரவலாகப் பாரம் ஏற்றி நிழலில் காயவிடுங்கள். அவசரப்பட்டு ஹீட் கன் பிடிக்க வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு பின்பக்கம் முழுவதும், முக்கியமாக வெட்டு ஓரங்களிலும் ஓட்டைகளின் உள்விளிம்பிலும், வார்னிஷ் இரண்டு கோட் அடியுங்கள். அதன்பின் நீங்கள் வாங்கிய அதே கிளிப்புகள் போதும்.

கேள்வி: பேட்டை உடைக்காமல் கழற்றுவது எப்படி? ஒரு மூலையை இழுத்துப் பார்த்தேன், ஏதோ பிடித்துக்கொண்டு வர மறுக்கிறது.

பதில்: பிடித்துக்கொள்வது அநேகமாக மறைந்திருக்கும் ஒரு ஸ்க்ரூ. இழுப்பதை உடனே நிறுத்துங்கள். ஆர்ம்ரெஸ்டின் அடியில், இழுக்கும் கைப்பிடியின் குழியில், கதவு திறக்கும் லீவரைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்குக்குப் பின்னால், சிறிய வட்ட மூடிகளுக்கு அடியில் தேடுங்கள். கண்ணாடியைக் கையால் சுற்றி ஏற்றும் கார் என்றால், அந்தக் கைப்பிடியின் பின்னால் குதிரை லாட வடிவில் ஒரு கம்பிக் கிளிப் இருக்கக்கூடும். கைப்பிடிக்கும் பேட்டுக்கும் நடுவே ஒரு துணியைக் கொடுத்து இரு பக்கமும் மாறி மாறி இழுத்தால் அது வெளியே துள்ளிவிடும். எங்கே விழுகிறது என்று ஒரு கண் வையுங்கள்.

ஸ்க்ரூ எல்லாம் எடுத்த பிறகு கீழ் மூலையிலிருந்து தொடங்குங்கள். பிளாஸ்டிக் நெம்புகோலை கிளிப் இருக்கும் இடத்துக்கு ஒட்டி நுழைத்து, கிளிப்பைத்தான் நெம்ப வேண்டும், பலகையை அல்ல. குளிர்ந்த நாளில் பழைய பிளாஸ்டிக் கிளிப் படக்கென்று ஒடியும், ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டிக்கொள்ளுங்கள். எல்லாக் கிளிப்பும் விட்ட பிறகு பேட்டை மேல்நோக்கித் தூக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் மேல் ஓரம் கதவின் விளிம்பில் கொக்கி போல மாட்டியிருக்கும். தூக்கியதும் தூரமாக இழுத்துவிடாதீர்கள், பின்னால் ஸ்விட்ச், ஸ்பீக்கர், விளக்கு ஒயர்கள் இருக்கும்.

கேள்வி: பலகையில் கிளிப் மாட்டும், சாவித்துளை வடிவ ஓட்டை கிழிந்து பெரிதாகிவிட்டது. புதுப் பேட் கிடைக்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பலகை உறுதியாக இருந்தால் அந்த இடத்தை மட்டும் காப்பாற்றலாம். தண்ணீர் போல ஓடும் மெல்லிய சூப்பர் குளூவைத் துளையைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். உதிரும் நார் அதை உறிஞ்சிக் கல் போல இறுகும். அதற்குப் பின்னால் 1 மி.மீ. அலுமினியத் தகட்டில் சரியான அளவில் சாவித்துளை வெட்டி எபாக்ஸியால் (இரண்டைக் கலந்து பூசும் கெட்டிப் பசை) ஒட்டுங்கள். ஒட்டுமுன் இரண்டு பக்கமும் உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ள வேண்டும். தகட்டின் கனம் கூடுவதால் கிளிப்பின் கழுத்து நீளம் போதுமா என்று முதலில் மாட்டிப் பாருங்கள்.

பலகை முழுவதும் கையில் பொடிந்தால் விட்டுவிடுங்கள். 3 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் பிளைவுட்டில் பழையதை அச்சாக வைத்துப் புதியது வெட்டிக்கொள்ளலாம். எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி தட்டையான பேட் உள்ள கார்களுக்கு இது ஒரு நாள் வேலை. குவிந்து வளைந்த வடிவம் உள்ளவற்றுக்கு இது சரிவராது.

கேள்வி: கறுப்பு ஸ்க்ரூ நாலு வாங்கி வெளியிலிருந்து நேராகத் தகட்டில் முறுக்கிவிட்டால் என்ன சார்? யாருக்கும் தெரியவா போகிறது?

பதில்: வேண்டவே வேண்டாம். அந்தத் தகட்டுக்குப் பின்னால்தான் கண்ணாடி இறங்குகிறது. கண்ணாடி மேலே இருக்கும்போது ஸ்க்ரூ சுகமாகப் போய்விடும், இறக்கும்போது அதன் முனை கண்ணாடியைக் கீறும். பூட்டுக்கம்பி, ஒயர் எல்லாமும் அங்கேதான் ஓடுகின்றன. தகட்டில் போட்ட ஓட்டை துருவுக்கும் வழி. கார் தயாரித்தவர் ஸ்க்ரூவுக்கென்று விட்ட இடத்தைத் தவிர வேறெங்கும் போடாதீர்கள்.

கேள்வி: சிலிகான் வைத்து ஒட்டலாமா?

பதில்: கூடாது. வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் இறுகும்போது அசிட்டிக் அமிலம் விடும், அது இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். வேறு பசையானாலும் பேட்டைத் தகட்டோடு நிரந்தரமாக ஒட்டாதீர்கள். நாளைக்குக் கண்ணாடி மோட்டார் போனால் பேட்டைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: பிஎம்டபிள்யூ ஈ36 எம்3. பேட் கெட்டியாக இருக்கிறது, ஆனால் கண்ணாடிக்குக் கீழே மேல் ஓரத்தில் ரெக்ஸின் மட்டும் உரிந்து தொங்குகிறது. ஸ்ப்ரே பசை அடித்தேன், வெயிலில் நின்றதும் திரும்ப உரிந்தது.

பதில்: ஈ36-இல் இது பரவலாக வரும் குறை. பழைய பசை காய்ந்து தூளாகிவிடும், கூடவே வயதான ரெக்ஸின் சுருங்கி இழுக்கும். உங்கள் பசை தோற்றதற்குக் காரணம் இரண்டு.

முதலாவது, தூளின் மேல் அடித்திருப்பீர்கள். பசை அந்தத் தூளைத்தான் பிடித்துக்கொண்டது, தூள் எதையும் பிடிக்கவில்லை. ரெக்ஸினின் முதுகில் ஸ்பாஞ்ச் மக்கியிருந்தால் அதையும் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, பிரஷ்ஷால் துடைத்து, விரலால் தேய்த்தால் ஒன்றும் ஒட்டாத அளவுக்குச் சுத்தம் செய்யுங்கள். நேரம் எடுக்கும், சலிப்பான வேலைதான். ஆனால் இந்தப் பழுதில் உண்மையான வேலையே இதுதான், ஒட்டுவது அல்ல.

இரண்டாவது, பசையின் வகை. வெயிலில் நிற்கும் காருக்குள் கண்ணாடியோரம் சூடு மிக அதிகம், பொதுவான ஸ்ப்ரே பசை இளகிவிடும். அதோடு, ரெக்ஸினை மெத்தென்று வைத்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்லக் கசிந்து சாதாரண கான்டாக்ட் பசையையும் இளக்கிவிடும். அதனால் கார் உள்வேலைக்கு என்றே வரும், அதிகச் சூடு தாங்கும், வினைலுக்கு (ரெக்ஸினின் மேல்பூச்சு அதுதான்) ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருக்கும் பசையை வாங்குங்கள். இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, பிறகு சேர்க்க வேண்டும். ஒட்டியதும் பிடித்துக்கொள்ளும், நகர்த்தித் திருத்த முடியாது. அதனால் நடுவில் தொடங்கி ஓரங்களுக்குப் போங்கள். சுருங்கிய ரெக்ஸினை ஹீட் கன்னைத் தள்ளிப் பிடித்து லேசாகச் சூடாக்கினால் கொஞ்சம் நீளும். பளபளப்பு வர ஆரம்பித்தால் அதிகம், எடுத்துவிடுங்கள். விளிம்பைப் பின்பக்கம் மடித்து கிளாம்ப் போட்டு ஒரு இரவு வைக்கவும்.

கேள்வி: கதவைச் சாத்த கைப்பிடியை இழுத்தால் பேட் முழுவதும் கூடவே வருகிறது.

பதில்: கைப்பிடியின் ஸ்க்ரூ தகட்டில் பிடிமானம் இழந்திருக்கிறது. கதவைச் சாத்தும் பாரம் முழுவதையும் இப்போது சின்னக் கிளிப்புகள் தாங்குகின்றன. இதை விட்டுவைத்தால் ஒவ்வொரு கிளிப்பாகப் போகும். உள்ளே ஸ்பீடு நட் (தகட்டில் செருகும் மெல்லிய நட்) இருந்தால் அதை மாற்றுங்கள். தகட்டின் மரையே தேய்ந்திருந்தால் ரிவெட் நட் (ஓட்டையில் நசுக்கிப் பொருத்தும், உள்ளே மரை உள்ள நட்) போடுவதுதான் சரியான வழி. பெரிய, நீளமான ஸ்க்ரூவை முறுக்கிச் சமாளிக்க வேண்டாம், கண்ணாடியைப் பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும். அதுவரை கைப்பிடியைத் தொடாமல், கண்ணாடியை ஏற்றிவிட்டு வெளியிலிருந்து தள்ளிச் சாத்துங்கள்.

கேள்வி: பாட்டுப் போட்டால் பேட் அதிர்ந்து கடகடக்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பதில்: கார் நிற்கும்போது ஆழமான பேஸ் ஒலி ஒன்றை விடாமல் ஓடவிட்டு, பேட்டின் ஒவ்வொரு பகுதியாக உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். எங்கே அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அங்கே கிளிப் இல்லை அல்லது தளர்ந்திருக்கிறது. எங்கே அழுத்தினாலும் நிற்கவில்லை என்றால் சத்தம் கதவுக்குள் இருக்கிறது: பூட்டுக்கம்பியின் பிளாஸ்டிக் பிடி உடைந்திருக்கலாம், ஒயர்க் கட்டு தகட்டில் மோதலாம், பழைய ஸ்க்ரூ ஒன்று அடியில் கிடக்கலாம். பெரிய ஸ்பீக்கருக்காகப் பலகையை வெட்டியிருந்தால் அந்த இடம் பலவீனம்தான். ஸ்பீக்கரைப் பலகையில் அல்லாமல் தகட்டில் பொருத்துங்கள், பலகை உரசும் இடங்களில் ஃபெல்ட் டேப் ஒட்டுங்கள்.

கேள்வி: பேட் முழுக்க பிளாஸ்டிக். பின்னால் கிளிப் உட்காரும் மேடை ஒடிந்துவிட்டது. எபாக்ஸி ஒட்டவே மாட்டேன் என்கிறது.

பதில்: பின்பக்கம் எங்காவது சின்ன எழுத்தில் பிளாஸ்டிக் வகை அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஏபிஎஸ் என்று இருந்தால் தேய்த்து, சுத்தம் செய்து, கண்ணாடியிழைத் துணி வைத்து எபாக்ஸி பூசினால் நன்றாகப் பிடிக்கும். பிபி, அதாவது பாலிப்ரொப்பிலீன் என்றால் சாதாரணப் பசை எதுவும் நிற்காது. அதற்கென்று வரும் ப்ரைமர் தடவ வேண்டும், இல்லையென்றால் அதே பிபி குச்சியை உருக்கி வெல்டு செய்ய வேண்டும். வெல்டு செய்வதுதான் என் விருப்பம். முன்பக்கம் சூடு தாக்காமல் சிறிது சிறிதாகச் செய்யுங்கள்.

கேள்வி: கிளிப் வாங்கப் போனால் நூறு வகை இருக்கிறது. எதை வாங்குவது?

பதில்: தகட்டு ஓட்டையின் விட்டம், கிளிப் தலையின் விட்டம், கழுத்தின் உயரம், தண்டின் நீளம், இந்த நாலையும் அளந்துகொண்டு போங்கள். ஓட்டை துருவால் பெரிதாகியிருந்தால் துருவை எடுத்துப் பெயின்ட் அடித்த பிறகு அளக்கவும். அடியில் ரப்பர் அல்லது ஸ்பாஞ்ச் வளையம் உள்ளது கிடைத்தால் அதையே எடுங்கள், ஓட்டை வழியே ஈரம் வராது.

கேள்வி: போர்ஷே பாக்ஸ்டர் 986. நானே கழற்றலாமா?

பதில்: அந்தக் காரில் பக்கவாட்டு ஏர்பேக் பெரும்பாலும் கதவுக்குள்ளேயே இருக்கும். சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, சர்வீஸ் மேனுவல் சொல்லும் நேரம் வரை காத்திருக்காமல் எதையும் தொடக் கூடாது. கனெக்டர் எதுவும் கழன்றிருக்கும்போது பேட்டரியை இணைக்கவும் கூடாது, ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிய ஆரம்பிக்கும். இதில் பழக்கம் இல்லையென்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கேள்வி: எல்லாம் சரிசெய்துவிட்டேன். திரும்ப மாட்டும்போது கடைசிக் கிளிப் மட்டும் ஓட்டைக்கு நேராக வரமாட்டேன் என்கிறது.

பதில்: மேல் ஓரம் முழுவதும் விளிம்பில் உட்காரவில்லை. எல்லாக் கிளிப்பையும் விடுவித்து மறுபடி தொடங்குங்கள். முதலில் மேலே மாட்டி, கீழ்நோக்கி அழுத்தி, பூட்டுக் குமிழ் அதன் துளையில் தடையில்லாமல் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். பிறகு கிளிப்புகள் ஒவ்வொன்றும் ஓட்டைக்கு நேரே இருக்கிறதா என்று பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, அந்தந்தக் கிளிப்புக்கு மேலே உள்ளங்கையால் தட்டுங்கள். தட்டுவதற்கு முன்பே கண்ணாடி ஏறி இறங்குகிறதா, உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் கதவு திறக்கிறதா என்று சோதித்துவிடுங்கள், கதவைச் சாத்தாமலே.