காசு வர முன் கடிதம் வரட்டும்
மரபுரிமை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (ஒட்டுசுட்டான்): எங்கள் ஊர்க் கோயிலின் பழைய செங்கல் மண்டபம் உதிர்கிறது. கனடாவிலும் லண்டனிலும் உள்ள ஊர்ப்பிள்ளைகள் காசு தரத் தயார். மாரிக்கு முன் வேலையைத் தொடங்கலாமா?

பதில்: பொறுங்கள். முதலில் மண்டபத்தின் வயதைப் பாருங்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஐ எல்லையாக வைத்திருக்கிறது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. அதற்கு முற்பட்டதாகக் கருதப்படும் கட்டடம் புராதன நினைவுச்சின்னம். பிந்திய கட்டடத்தையும் வர்த்தமானி மூலம் பாதுகாக்கப்பட்டதாக்க முடியும். ஆகவே உங்கள் மண்டபம் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே, தொல்பொருள் திணைக்களத்தின் எழுத்துமூலப் பதில் கைக்கு வரும்வரை ஒரு கல்லையும் அசைக்க வேண்டாம். பிரதேச செயலாளருக்கும் ஒரு பிரதி கொடுத்துத் திகதி முத்திரை வாங்குங்கள். வாய்ச்சொல்லில் கிடைத்த அனுமதி அதிகாரி இடமாற்றம் ஆனதோடு போய்விடும்.

பதில் வரும்வரை சும்மா இருக்கவும் தேவையில்லை. நாலு பக்கமும் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள், வெடிப்புகளுக்கு இலக்கம் போட்டு வரைபடம் கீறுங்கள். பின்னர் எந்த நிதியத்துக்கு விண்ணப்பித்தாலும் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

காசு விசயம். லண்டன்காரர் அங்கே பதிவான அறக்கட்டளை ஒன்றின் வழியாகக் கொடுத்தால், கொடுப்பவர் அந்நாட்டு வரி செலுத்துபவராக இருக்கும் பட்சத்தில், ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸை அந்த அறக்கட்டளை அரசிடமிருந்து மேலதிகமாகப் பெறலாம். அதற்குக் கொடுப்பவரின் பிரகடனம் வேண்டும். கனடாவில் வேறு கதை: அங்குள்ள பதிவுபெற்ற அறக்கட்டளை காசை அப்படியே உங்கள் கணக்கில் போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. எழுத்து ஒப்பந்தம், கட்டம் கட்டமான கொடுப்பனவு, செலவுப் பற்றுச்சீட்டு எல்லாம் காட்டவேண்டும். உங்கள் கோயிலுக்கு நேரே அனுப்பிய காசுக்கு வரிச் சலுகைப் பற்றுச்சீட்டு கிடைக்காது. இதை முதலே சொல்லிவிடுங்கள், பிறகு மனக்கசப்பு வராது. இங்கே தனியாள் பெயரில் கணக்கு வேண்டவே வேண்டாம். இரண்டு கையொப்பம், மூன்று விலைக்கோரல், மாதக் கணக்கை அறிவித்தல் பலகையில் ஒட்டுவது. இவ்வளவும் போதும், அரைவாசிச் சண்டை குறையும்.

இனிச் சீமெந்து. பழைய செங்கல் சுவரைக் கெடுப்பதில் இதற்கு நிகரில்லை. சீமெந்துப் பூச்சு இறுக்கமானது. சுவருக்குள் ஏறிய ஈரம் வெளியே வராமல் உள்ளேயே நிற்கும். ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் பளிங்காகி, செங்கல்லின் முகத்தையே தள்ளி உதிர்க்கும். இரண்டு மூன்று வருடத்தில் பூச்சு பொருமி விழும்போது செங்கல்லும் சேர்ந்து விழும். சுண்ணாம்புச் சாந்துதான் வழி. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் சிறிது சிறிதாகப் போடவேண்டும்; சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். அரித்து, குறைந்தது ஒரு மாதம் தண்ணீருக்கடியில் கிடக்க விடுங்கள். ஒரு பங்கு சுண்ணாம்புக் களிக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்று மணல்; கடல் மணல் கூடாது, உப்பை நாமே கொண்டுபோய் வைப்பதாகிவிடும். ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் போகாமல், ஈரச்சாக்கு மூடி ஒரு கிழமையாவது காக்கவேண்டும். கச்சான் காற்று அடிக்கும்போது பூசினால் மேற்பரப்பு சடுதியாகக் காய்ந்து மயிர்வெடிப்பு விடும். முதலில் ஒரு சதுர அடியில் பூசிப் பார்த்து, ஒரு மாரி போகட்டும். “மாரிக்கு முன்” என்ற அவசரத்தைக் கைவிடச் சொல்வது அதனால்தான்.

கேள்வி (நெடுங்கேணி): அப்பப்பா பரியாரியார். இரண்டு கட்டு வைத்திய ஏடு வீட்டில் இருக்கிறது. பாதுகாக்க யாராவது நிதி தருவார்களா?

பதில்: தருவார்கள், ஆனால் தனியாளுக்கு அல்ல. பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணங்களுக்கான திட்டம் 2004 முதல் நடக்கிறது. ஆர்க்கேடியா என்ற நிதியம் காசு கொடுக்கிறது. மூல ஏடு நாட்டை விட்டுப் போகாது. மின்படப் பிரதிதான் போகும். விண்ணப்பிக்க ஒரு நிறுவனம் பொறுப்பெடுக்கவேண்டும். ஆகவே ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்படமாக்கும் ‘நூலக நிறுவனம்’ என்ற அமைப்பையோ யாழ்ப்பாண, வவுனியாப் பல்கலைக்கழக நூலகங்களையோ அணுகுங்கள். ஏடு உங்களுடையது, திருப்பித் தரப்படும் என்று எழுதி வாங்காமல் கட்டைக் கொடுக்காதீர்கள்.

அதுவரை: பொலித்தீன் பையில் போடாதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். செலோடேப், லாமினேற்றிங் இரண்டும் ஏட்டுக்கு எமன். ஒட்டிய ஏட்டைப் பிய்க்காதீர்கள். கயிற்றை அவிழ்க்க முன் கட்டின் பக்கவாட்டைப் படம் எடுங்கள். ஒழுங்கு குலைந்தால் பிறகு பாடல் இலக்கத்தை வைத்துத்தான் தேடவேண்டிவரும். மெல்லிய தூரிகையால் தூசு தட்டி, பருத்தித் துணியில் புல்லெண்ணெய் ஒற்றி ஒரு ஓரத்தில் சோதியுங்கள். எழுத்தின் கரி துணியில் ஏறினால் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி (வவுனியா): தொல்லியல் முதுமாணி மாணவி நான். அகழ்வுக்கு வெளிநாட்டு நிதி கிடைக்குமா?

பதில்: அமெரிக்காவின் வென்னர்-கிரென் மானிடவியல் நிதியம் போன்றவை கள ஆய்வுக்குக் கொடுப்பது கலாநிதிப் பட்ட மாணவருக்கும் அப்பட்டம் பெற்றவருக்கும், முதுமாணிக்குக் கிடைக்காது. உங்களுக்குத் தோண்டாத ஆய்வுதான் பொருத்தம், மலிவும் கூட. பெரியபுளியங்குளத்துப் பிராமிக் கல்வெட்டில் விசாகன் என்ற தமிழ் வணிகன் வருகிறான். அது போன்ற ஏற்கெனவே பதிவான சான்றுகளை மறுபடி அளந்து, படமெடுத்து, சுற்றாடலோடு சேர்த்துப் பார்க்க ஒரு கமராவும் பஸ் காசும் போதும். பிரித்தானிய ஆட்சிக்கால அதிகாரி ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கையேட்டில் உள்ள குளங்களையும் இடிபாடுகளையும் இன்றைய வரைபடத்தில் பொருத்துவதும் ஒரு முழு ஆய்வு. கல்வெட்டைப் படியெடுப்பதாயின் அதற்கும் திணைக்கள அனுமதி வேண்டும். கண்ணிவெடி எச்சரிக்கை மண்டையோட்டுப் பலகை நிற்கும் காட்டுக்குள் எந்தக் குறிப்புக்காகவும் கால் வைக்காதீர்கள்.

பிற்காலத்தில் அகழ்வுக்கு எழுதும்போது, தோண்டும் கூலியை மட்டும் போடாதீர்கள். மட்பாண்ட ஓடு கழுவ, இலக்கமிட, வரைய, களஞ்சியப்படுத்த, அச்சிட அதே அளவு காசு ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் பெட்டிகளை எலி அரிக்கும்.

கேள்வி (மாங்குளம்): உழும்போது கறுப்பு-சிவப்பு மட்பாண்ட ஓடுகள் வருகின்றன. சொன்னால் காணி போய்விடுமோ என்று பயம்.

பதில்: பயம் விளங்குகிறது, வன்னியில் அது காரணமில்லாத பயமும் அல்ல. சட்டப்படி மண்ணுக்குள் கிடக்கும் தொல்பொருள் அரசுடையது. ஓடு வந்ததால் மட்டும் காணி அரசுடையதாகாது. அறிவிக்காமல் மறைத்தாலோ விற்றாலோதான் குற்றம் உங்கள் பக்கம். உறுதி, பெர்மிட், நில அளவைப் படம் மூன்றையும் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, கிராம அலுவலருக்கு எழுத்தில் அறிவியுங்கள்; பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். அந்த மூலையில் உழவை நிறுத்தி, ஓடு கிடந்தபடியே பக்கத்தில் தீப்பெட்டி வைத்துப் படம் எடுங்கள். எடுத்துவிட்டவற்றைக் கழுவாமல் துணிப்பையில் போட்டு, எந்த வரம்பிலிருந்து எத்தனை பாகம் (விரித்த இரு கை நீளம்), எவ்வளவு ஆழம் என்று பென்சிலால் எழுதிய துண்டை உள்ளே வையுங்கள். பேனா மை ஈரத்தில் ஊறிப்போகும்.