படுத்தால் பெரிய இதயம், நின்றால் நார்மலா?

கேள்வி: மூச்சுத்திணறலோடு அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, கட்டிலில் படுத்த நிலையிலேயே நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். 'இதயம் பெரிதாகத் தெரிகிறது' என்று ரிப்போர்ட். டிஸ்சார்ஜ் ஆனபின் ஸ்கேன் சென்டரில் நிற்க வைத்து எடுத்தால் நார்மல் என்கிறார்கள். முதல் படம் மங்கலாகவும் இருக்கிறது. மெஷின் கோளாறா?

பதில்: மெஷினைத் திட்ட வேண்டாம். எக்ஸ்ரே என்பது நிழல்தான். விளக்குக்கு முன்னால் கையை நீட்டி, சுவரை விட்டு கையைத் தள்ளத் தள்ள நிழல் பெருத்து ஓரம் கலங்குமே, அதே கதைதான் இங்கேயும். நிற்க வைத்து எடுக்கும்போது படம் பதியும் தட்டில் நெஞ்சை ஒட்டச் சொல்லி, முதுகுப் பக்கமிருந்து, சுமார் 180 செ.மீ. தள்ளிக் கதிரை விடுவார்கள். இதயம் நெஞ்சின் முன்பக்கம் இருப்பதால் தட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். கட்டிலில் எல்லாமே தலைகீழ்: தட்டு முதுகுக்கடியில், கதிர் கிளம்பும் குழாய் மேலே சுமார் 100 செ.மீ. உயரத்தில், இதயம் தட்டிலிருந்து தள்ளி. உத்தேசமாகக் கணக்குப் போட்டால், 12 செ.மீ. அகல இதயம் நின்ற படத்தில் 12.7 செ.மீ. ஆகவும் படுத்த படத்தில் 14 செ.மீ. ஆகவும் விழும். நெஞ்சுக்கூட்டின் உள்ளகலத்தில் பாதிக்கு மேல் இருந்தால் 'பெரிது' என்கிற அளவுகோல், நின்று முதுகுப் பக்கமிருந்து எடுத்த படத்துக்கானது. அதைப் படுத்த படத்தில் வைத்துப் பார்த்துப் பதறுவது நியாயமில்லை.

மங்கலுக்கு வருவோம். குழாயில் கதிர் கிளம்பும் இடம் புள்ளி அல்ல, ஒரு மி.மீ. அளவுக்கு அகலம் உண்டு. அதனால்தான் நிழலின் ஓரத்தில் அரைநிழல், அதாவது ஒரு மங்கலான பட்டை விழுகிறது, உறுப்பு தட்டை விட்டு விலக விலக அது கூடும். ஆனால் உங்கள் அப்பா விஷயத்தில் என் சந்தேகம் அசைவின் மேல்தான். தள்ளிக்கொண்டு வரும் மெஷினுக்குச் சக்தி குறைவு, கதிர் விழும் நேரம் கொஞ்சம் நீளும். மூச்சு வாங்குகிறவரிடம் "நல்லா இழுத்துப் பிடிங்க" என்றால் எப்படிப் பிடிப்பார்? முழுசாக இழுக்காவிட்டால் உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசை) மேலேயே நின்று இதயம் இன்னும் அகலமாகத் தெரியும்.

சரி, அதற்காக முதல் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அன்றைக்கு உண்மையிலேயே நீர் கோத்திருந்து மருந்தில் வடிந்திருக்கவும் வாய்ப்புண்டு. இரண்டு படத்தையும் டாக்டரிடம் காட்டி, எக்கோ (இதயத்துக்கான அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) தேவையா என்று கேளுங்கள்.